கொச்சிக் காயலில் ஒரு மாலைப் படகு

(பழைய மாணவர் சங்கத்தின் ஆண்டுச் சந்திப்பில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்கு இருபது நிமிஷம் கொடுத்திருக்கிறார்கள். சாம்பார் வாசனை இங்கே வரைக்கும் வருது. அதனால் பதினெட்டிலேயே முடிக்கப் பார்க்கிறேன்.

போன பொதுக்குழுவில், அடுத்த சுற்றுலா கொச்சி, அதிலும் சாயங்காலப் படகுச் சவாரி என்று கை தூக்கி முடிவு செய்தோம். பேரப் பிள்ளைகளையும் சேர்த்து எண்பது பேராவது வருவார்கள் என்று ஒரு கணக்கு. எண்பது பேரைத் தண்ணீரில் ஏற்றுவதற்கு முன்னால் யாராவது போய்ப் பார்த்துவிட்டு வந்தால் தேவலை என்று நம் செயலாளர் நினைத்தார். ஐந்து பேரை அனுப்பினார். ஐந்து பேரும் அறுபதைத் தாண்டியவர்கள். அறிக்கை எழுதித் தரட்டுமா என்று கேட்டேன். "அறிக்கையா எழுதினா எவனும் படிக்க மாட்டான் அண்ணாச்சி, நீங்களே பேசிருங்க"ன்னு சொல்லிட்டார். அதனால்தான் இந்த மேடை.

நமக்கும் கொச்சிக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் கேட்டார்கள். ராமேஸ்வரம் இல்லையா, குற்றாலம் இல்லையா என்றார்கள். சம்பந்தம் இருக்கிறது. நம் ஊரில் எந்த மொட்டை மாடியில் ஏறி மேற்கே பார்த்தாலும் மலை நிற்கும். அந்த மலையில் இந்தப் பக்கம் விழுகிற மழை அய்யனார் கோவில் ஆறாக இறங்கி ஆறாவது மைல் நீர்த்தேக்கத்துக்கு வருகிறது. அதைத்தான் ராஜபாளையத்துக்காரர்கள் குடித்து வளர்ந்தோம். நமக்குத் தெற்கே சிவகிரி வரைக்கும் அதே மலைத் தொடர்தான். அங்கே அந்தப் பக்கம் விழுகிற மழைக்குத்தான் பெரியாறு என்று பெயர். 244 கிலோமீட்டர் ஓடி, தேக்கடி ஏரியாகத் தேங்கி, இடுக்கியில் தேங்கி, ஆலுவாயில் இரண்டாகப் பிரிந்து கடைசியில் கொச்சிக் காயலில் கலக்கிறது. ஒரே மலை, இரண்டு கூரைச் சரிவு. வீட்டு ஓட்டில் விழுந்த மழை முன்வாசலில் கொஞ்சமும் கொல்லைப்பக்கம் நிறையவும் வடிகிற மாதிரிதான். நம் பங்கு முன்வாசல் பங்கு. செண்பகவல்லி அணை பற்றி இங்கே இருக்கிற விவசாயக் குடும்பத்துப் பிள்ளைகளுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை, அது வேறு மேடைக்கான பேச்சு.

கொச்சியைத் துறைமுகமாக ஆக்கியதும் இந்தப் பெரியாறுதான். சங்கப் பாட்டில் முசிறி முசிறி என்று படித்தோமே, யவனர் கப்பல் மிளகுக்காக வந்து நின்ற ஊர், அது பெரியாற்றின் முகத்தில், இன்றைய கொடுங்கல்லூர்ப் பக்கம் இருந்தது. 1341ல் பெரியாற்றில் வந்த பெருவெள்ளம் அந்தத் துறையை மண்ணடித்துவிட்டு, தெற்கே கொச்சியில் கடலுக்கு வாய் திறந்துவிட்டது என்று வரலாற்று ஆசிரியர்கள் சொல்கிறார்கள். ஒரு மழைக்காலம் ஒரு ஊரை மூடி இன்னொரு ஊரைத் திறந்திருக்கிறது. நம் மலையின் கொல்லைப்பக்கத்து மழை செய்த வேலை!

இன்னொரு சம்பந்தமும் உண்டு. ஃபோர்ட் கொச்சி என்கிற அந்தச் சின்ன முனை 1956 அக்டோபர் முடிய நம் சென்னை மாநிலத்தைச் சேர்ந்தது. மலபார் ஜில்லாவின் ஒரு துண்டு. சுற்றிலும் கொச்சி மகாராஜா சீமை, நடுவில் சென்னைக் கவர்மெண்டு. அதே நேரத்தில் நம் பக்கத்துச் செங்கோட்டை திருவிதாங்கூரில் இருந்தது. 1956 நவம்பர் 1ஆம் தேதி செங்கோட்டை இங்கே வந்தது, ஃபோர்ட் கொச்சி அங்கே போனது. பண்டமாற்று மாதிரி. யாருக்கு லாபம் என்று எங்கள் ஐந்து பேருக்குள் ரயிலில் ஒரு மணி நேரம் விவாதம் நடந்தது. முடிவு எட்டவில்லை.

ரயில் என்றதும் ஒரு வார்த்தை. கொல்லம் பாதை 1904ல் போட்டது. நம் விருதுநகர் – தென்காசிப் பாதை 1927ல் வந்து அதோடு கைகோத்தது. அகலப் பாதையாக்க 2010ல் செங்கோட்டை – புனலூர் மலைப்பகுதியை மூடினவர்கள் 2018 ஜூனில்தான் முழுதாகத் திறந்தார்கள். எட்டு வருஷம் ராஜபாளையத்துக்காரன் கொல்லம் போக பஸ்ஸில் வாந்தி எடுத்துக்கொண்டு போனான். இப்போது மதுரையிலிருந்து குருவாயூர் போகிற ரயில் நடுராத்திரிக்கு மேலே திருவில்லிபுத்தூர், ராஜபாளையம் இரண்டையும் தொட்டு, மலையேறி இறங்கி, மறுநாள் பகலில் எர்ணாகுளத்தில் இறக்கிவிடுகிறது. வண்டி மாற வேண்டாம். திரும்பி வரும்போது கழுதுருட்டிப் பக்கம் பதிமூணு கண் பாலத்தைப் பகலிலேயே பார்க்கலாம்.

சரி, படகுக்கு வருகிறேன். எர்ணாகுளத்தில் மெரைன் டிரைவ் என்று காயலை ஒட்டி நீண்ட நடைபாதை. நாலு மணியிலிருந்தே "போட்டிங், போட்டிங், சன்செட்" என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பார்கள். தமிழில் கூப்பிடுவார்கள். நம் மூஞ்சியைப் பார்த்தாலே தெரியும் போலிருக்கிறது. ஒரு தனியார் படகுக்குச் சீட்டு வாங்கினோம். அதன் பெயரை இங்கே சொல்லவில்லை. மேலே ஒரு தளம், கீழே ஒரு தளம். மேலே பாட்டுப் போட்டு ஆடிக்கொண்டிருந்தார்கள். கீழே கிட்டத்தட்ட நிறைந்துவிட்டது, இன்னும் ஏற்றிக்கொண்டிருந்தார்கள். லைஃப் ஜாக்கெட் எங்கே என்று கேட்டேன். கூரைக்கு அடியில் கயிறு போட்டு இறுக்கிக் கட்டின ஒரு மூட்டையைக் காட்டினார் பையன். பருத்திப் பொதியைக்கூட அப்படிக் கட்டி நான் பார்த்ததில்லை. அவிழ்த்துக் கொடுப்பா என்றேன். "ஒரு மணிக்கூர் காரியமல்லே சாரே, பேடிக்கண்டா" என்றார்.

எங்களோடு வந்த நண்பர் ஒருவர், நம் பேட்ச்சில் வகுப்புத் தலைவராக இருந்தவர், அதுவரைக்கும் ஒரு வார்த்தை பேசவில்லை. அவர் மட்டும் எழுந்து, பலகையைத் தாண்டி, கரையில் இறங்கி நின்றுவிட்டார். "நான் வரல, நீங்களும் வராதீங்க" என்றார். சத்தமாகக்கூடச் சொல்லவில்லை.

அவர் ஏன் அப்படிச் செய்தார் என்பதைச் சொல்ல அவரிடம் அனுமதி வாங்கியிருக்கிறேன். 2009 செப்டம்பர் 30ஆம் தேதி அவர் குடும்பத்தோடு குமுளியில் தங்கியிருந்தார். மறுநாள் காலை தேக்கடிப் படகில் போவதாகத் திட்டம். அன்றைக்குச் சாயங்காலம்தான் 'ஜலகன்யகா' என்ற படகு தேக்கடி ஏரியில் கவிழ்ந்தது. 45 பேர் இறந்தார்கள். அவர்களில் நம் தமிழ்நாட்டுக்காரர்களும் உண்டு. அன்று ராத்திரி முழுக்கக் குமுளித் தெருவில் ஆம்புலன்ஸ் போய்க்கொண்டே இருந்ததாம். பிள்ளைகள் ஜன்னலில் நின்று எண்ணிக்கொண்டிருந்தார்களாம், இவர் ஜன்னலைச் சாத்தினாராம். அதற்குப் பிறகு அவர் படகில் கால் வைத்ததில்லை. கொச்சிக்கு எங்களோடு வர ஒத்துக்கொண்டதே, எண்பது பேருக்கு ஒருவர் பொறுப்பு எடுக்க வேண்டும் என்பதற்காகத்தான்.

அந்தத் தேக்கடி ஏரியும் நம் மலைக்கு அந்தப் பக்கம்தான். முல்லைப் பெரியாறு அணையை 1895ல் கட்டித் தேக்கின தண்ணீர்.

தேக்கடி மட்டும் என்றால் ஒரு விபத்து என்று விட்டுவிடலாம். 2002 ஜூலையில் குமரகம் பக்கம் படகு மூழ்கி 29 பேர். 2007 பிப்ரவரியில் தட்டேக்காட்டில் பள்ளிக்கூடச் சுற்றுலா போன பிள்ளைகளும் ஆசிரியர்களுமாக 18 பேர். அதுவும் பெரியாறுதான். 2015 ஆகஸ்டில் ஃபோர்ட் கொச்சியிலேயே பயணிகள் படகும் மீன்பிடிப் படகும் மோதி 11 பேர். 2023 மே 7ஆம் தேதி, மலப்புறம் ஜில்லா தானூரில் இருட்டின பிறகு ஓடின இரண்டடுக்கு உல்லாசப் படகு கவிழ்ந்து 22 பேர். ஒரே குடும்பத்துக் குழந்தைகள் பலர். அந்தப் படகு மீன்பிடிப் படகாக இருந்ததை மாற்றிக் கட்டியது, அனுமதித்த அளவுக்கு மேல் ஆள் ஏற்றியது என்று பிறகு தெரிய வந்தது. கேரளத்தைக் குறை சொல்ல இதைச் சொல்லவில்லை. அங்கே தினமும் ஆயிரக்கணக்கான பேர் படகில்தான் ஆபீஸ் போகிறார்கள், பள்ளிக்கூடம் போகிறார்கள். உல்லாசத்துக்கு ஏறும்போதுதான் நாம் கண்ணை மூடிக்கொள்கிறோம்.

இரண்டடுக்குப் படகு ஏன் சட்டென்று சாய்கிறது? நம் இயற்பியல் ஐயா முன்வரிசையில் உட்கார்ந்திருக்கிறார், தப்பாகச் சொன்னால் காதைத் திருகிவிடுவார். மில்லில் வேலை பார்த்தவர்களுக்கு இது எளிதில் புரியும். பஞ்சுப் பொதியை லாரியில் உயரமாக அடுக்கி வளைவில் திருப்பினால் என்ன ஆகும்? எடை எவ்வளவு என்பது ஒரு கேள்வி, எடை எந்த உயரத்தில் இருக்கிறது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. லாரியில் பொதியைக் கயிறு போட்டுக் கட்டுகிறோம். படகில் பொதி எழுந்து நடக்கும்! ஒருத்தர் "அங்கே பாரு" என்று கை காட்டினால் அத்தனை பொதியும் ஒரு பக்கமாக ஓடும். தேக்கடியில் கரையில் மிருகம் தெரிந்தது என்று ஒரே பக்கம் கூடினார்கள் என்று அப்போது பத்திரிகைகள் எழுதின. காரணம் அது ஒன்று மட்டும் அல்ல, படகின் கட்டுமானம் பற்றியும் பேச்சு வந்தது. ஆனாலும் நம் கையில் இருக்கிற காரணம் அது ஒன்றுதான்.

மறுபடி மெரைன் டிரைவ். வகுப்புத் தலைவர் இறங்கினதும் நாங்கள் நாலு பேரும் இறங்கினோம். சீட்டுப் பணம் திரும்பக் கிடைக்காது என்றார்கள். திண்டுக்கல் பக்கத்திலிருந்து வந்த ஒரு குடும்பம், "பெரியவங்க எதுக்கு வம்பு பண்றீங்க, நேரமாகுது" என்று சத்தம் போட்டது. அந்தக் குடும்பத்திலேயே ஒரு அம்மா மட்டும் என்னைப் பார்த்து, "ஐயா, நெசமாவே அபாயமா?" என்று கேட்டார். இடுப்பில் ஒன்று, கையில் ஒன்று. "அபாயம்னு சொல்லலம்மா, ஜாக்கெட் கேளுங்க"ன்னு சொன்னேன். அவர் பையனைக் கூப்பிட்டு ஜாக்கெட் கேட்டார். இன்னொருத்தர் கேட்டார். பிறகு ஏழெட்டுப் பேர் கேட்டார்கள். கடைசியில் மூட்டை அவிழ்ந்தது. கயிறு முடிச்சு அவிழவில்லை, அரிவாள் கொண்டுவந்து அறுத்தார்கள். நினைத்துப் பாருங்கள், தண்ணீருக்குள் அந்த முடிச்சை யார் அவிழ்ப்பது? உள்ளே இருந்ததில் குழந்தைகளுக்கான அளவு ஒன்றுகூட இல்லை. அந்த அம்மா இரண்டு பிள்ளைகளோடும் இறங்கிவிட்டார். வீட்டுக்காரர் முணுமுணுத்துக்கொண்டே பின்னால் வந்தார். படகு கிளம்பிப் போனது, ஒரு சேதமும் இல்லாமல் திரும்பியும் வந்தது. அதையும் சொல்லிவிட வேண்டும்.

அடுத்த படகு ஒற்றைத் தளம். கட்டணம் கூடுதல். பக்கவாட்டில் பதிவு எண்ணும், எத்தனை பேர் என்கிற கணக்கும் பெயிண்டில் தெளிவாக எழுதியிருந்தது. படகோட்டியை அங்கே ஸ்ராங்கு என்கிறார்கள். இன்ஜினைப் பார்த்துக்கொள்ள ஒருவர், கயிறு வீச ஒருவர். ஏறும்போதே ஸ்ராங்கு கையால் ஜாக்கெட்டை மாட்டி, வாரைப் பிடித்து இழுத்துப் பார்த்துத்தான் உள்ளே விட்டார். நம் தலைவர் அவர் பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டார். முகத்தில் ரத்தம் இல்லை. ஆனாலும் ஏறினார்.

இனி, பார்த்ததைச் சொல்கிறேன். இதைச் சொல்லாமல் விட்டால் யாரும் பெயர் கொடுக்க மாட்டீர்கள்!

கிளம்பினதும் வலது கைப்பக்கம் போல்காட்டித் தீவு. 1744ல் டச்சுக்காரர்கள் கட்டின மாளிகை மரங்களுக்கு நடுவே நிற்கிறது, இப்போது ஓட்டல். அதைத் தாண்டி வல்லார்பாடம், கன்டெய்னர் இறக்குகிற பெரிய பெரிய கிரேன்கள். இடது பக்கம் வில்லிங்டன் தீவு. அது கடவுள் படைத்த தீவு இல்லை. 1920ல் வந்த ராபர்ட் பிரிஸ்டோ என்கிற இன்ஜினியர், துறைமுக வாயில் அடைத்துக்கிடந்த மணல் மேட்டை வெட்டிக் கப்பலுக்கு வழி செய்தார். 1928ல் 'பத்மா' என்கிற கப்பல் முதன்முதலாக உள்ளே வந்தது. ஆழப்படுத்தி அள்ளின மண்ணைக் கொட்டிக் கொட்டியே அந்தத் தீவை உண்டாக்கினார்கள். நம் கண்மாயில் தூர் வாரினால் அந்த மண்ணை எங்கே கொட்டுவது என்பதிலேயே மூன்று வருஷம் போகிறது.

மட்டாஞ்சேரிப் பக்கம் பழைய கிட்டங்கிகள், ஓடு சரிந்து, தண்ணீருக்குள் படி இறங்கி நிற்கின்றன. மிளகும் சுக்கும் ஏலக்காயும் அங்கேயிருந்துதான் படகில் ஏறின. அந்தத் தெருக்களுக்குள்ளே 1568ல் கட்டின யூதர் ஆலயம், போர்ச்சுக்கீசியர் கட்டிக்கொடுத்து டச்சுக்காரர்கள் புதுப்பித்த அரண்மனை, அதன் சுவரில் ராமாயண ஓவியம். படகிலிருந்து இவை தெரியாது, காலையில் நடந்து போய்ப் பார்க்க வேண்டும். வெள்ளிக்கிழமை போகாதீர்கள், இரண்டும் அடைத்திருக்கும். யூத ஆலயத்துக்குச் சனிக்கிழமையும் விடுமுறை.

ஃபோர்ட் கொச்சி முனைக்கு வரும்போது சூரியன் ஒரு ஆள் உயரத்துக்கு இறங்கியிருந்தது. ஆஸ்பின்வால் கம்பெனியின் பழைய கட்டடம் தெரிந்தது, அங்கேதான் 2012லிருந்து பியன்னாலே ஓவியக் கண்காட்சி நடத்தினார்கள். அந்த முனையில் 1503ல் போர்ச்சுக்கீசியர் கோட்டை கட்டினார்கள். 1663ல் டச்சுக்காரர் பிடித்தார்கள், 1795ல் ஆங்கிலேயர். பள்ளிக்கூடத்தில் வாஸ்கோ டா காமா 1498 என்று மனப்பாடம் செய்தோமே, அந்த மனுஷன் 1524 டிசம்பர் 24ல் செத்தது இந்த ஊரில்தான். இங்கே சர்ச்சில் புதைத்து, பிறகு எலும்பைப் போர்ச்சுகலுக்கு எடுத்துப் போனார்கள். இத்தனை பேர் வந்து அடித்துக்கொண்டது மிளகுக்கு. நம் வீட்டு அஞ்சறைப் பெட்டியில் ஒரு பக்கத்தில் கிடக்கிற மிளகு!

அப்புறம் சீன வலை. கரையோரம் பெரிய மரச்சட்டத்தில் வலையைத் தொங்கவிட்டு, பின்பக்கம் கயிற்றில் கல்லைக் கட்டி, நாலைந்து பேர் இழுத்தால் தண்ணீருக்குள்ளிருந்து எழுந்து வருகிறது. நம் ஊர் ஏற்றம் மாதிரி, தண்ணீருக்குப் பதில் மீன். இப்போது எண்ணிக்கை குறைந்துபோயிற்று என்கிறார்கள். சூரியன் வலைக்கு நேர் பின்னால் வந்தது. படகில் இருந்த அத்தனை பேரும் போனைத் தூக்கிக்கொண்டு எழுந்து இடது பக்கம் நகர்ந்தார்கள். படகு லேசாகச் சாய்ந்தது, உண்மையிலேயே லேசாகத்தான்.

அப்போது ஒரு குரல் கேட்டது பாருங்கள். "எல்லாரும் உக்காருங்க! ஒவ்வொரு வரிசையா எந்திரிங்க!" நாற்பது வருஷத்துக்கு மேலாகக் கேட்காத குரல். நம் வகுப்புத் தலைவர்! வாத்தியார் வராத பீரியடில் நம்மை அடக்கின அதே தொண்டை. குஜராத்திக் குடும்பம் ஒன்று இருந்தது, மலையாளிகள் இருந்தார்கள், பாஷை புரியாமலே அத்தனை பேரும் உட்கார்ந்துவிட்டார்கள். நானும் உட்கார்ந்தேன், பழக்க தோஷம். ஸ்ராங்கு இன்ஜினைக் குறைத்துப் படகை நிறுத்தி, மெதுவாக ஒரு வட்டம் அடித்தார். இடது பக்கத்துக்காரர்களும் பார்த்தார்கள், வலது பக்கத்துக்காரர்களும் பார்த்தார்கள். அவசரப்பட ஒன்றுமே இல்லை, சூரியன் எல்லோருக்கும் காத்திருந்துதான் விழுந்தது. கடல்வாயில் இரண்டு டால்ஃபின் முதுகைக் காட்டிவிட்டுப் போயின. அந்தத் திண்டுக்கல் அம்மாவின் சின்னப் பிள்ளை அவற்றை எருமை என்றது.

திரும்பும்போது இருட்டிக்கொண்டு வந்தது. நகரத்து விளக்கெல்லாம் தண்ணீரில் நீண்டு கிடந்தது. நம் திருமுக்குளத்தில் தண்ணீர் நிறைந்த வருஷம் தெப்பம் ஓடுமே, அப்போது படித்துறையில் உட்கார்ந்து பார்த்த வெளிச்சம் ஞாபகத்துக்கு வந்தது. தலைவர் ஸ்ராங்கிடம் அவருக்குத் தெரிந்த மலையாளத்தில் பேசிக்கொண்டே வந்தார். பையிலிருந்த திருவில்லிபுத்தூர் பால்கோவாவைப் பிரித்து முதலில் அவருக்குத்தான் கொடுத்தார்.

இனி சங்கத்துக்கு எங்கள் ஐந்து பேரின் சிபாரிசு. போகலாம். எண்பது பேரும் ஒரே படகில் வேண்டாம், இரண்டு அல்லது மூன்று ஒற்றைத் தளப் படகாகப் பேசிக்கொள்வோம். பதிவு எண்ணையும் ஆள் கணக்கையும் பார்த்த பிறகுதான் முன்பணம். உள்நாட்டுப் படகுகளுக்கு 1917 சட்டம் போய் 2021ல் புதுச் சட்டமே வந்திருக்கிறது, அதனால் சான்றிதழைக் காட்டச் சொல்லிக் கேட்க நமக்குக் கூச்சம் வேண்டாம். ஐந்து மணிக்கு ஏறி, நன்றாக இருட்டுவதற்கு முன் கரை. குழந்தைகளுக்கான ஜாக்கெட்டை முன்கூட்டியே எண்ணி வைக்கச் சொல்ல வேண்டும். ஜாக்கெட் போட்டால் பட்டுப்புடவை கசங்கும் என்று தாய்மார்கள் சொல்வார்கள், அன்றைக்கு ஒரு நாள் நூல் புடவை கட்டிக்கொள்ளுங்கள், நூலுக்கு நம் ஊரில் பஞ்சமா?

உல்லாசப் படகே வேண்டாம் என்கிறவர்களுக்கு வாட்டர் மெட்ரோ இருக்கிறது. 2023 ஏப்ரலில் தொடங்கினது. கொச்சிக் கப்பல் கட்டும் தளத்திலேயே செய்த பேட்டரிப் படகுகள், குளிர்சாதனம், நூறு பேருக்கு மேல் ஏற்றுவதில்லை. ஹைகோர்ட் துறையில் ஏறினால் ஃபோர்ட் கொச்சியில் இறங்கலாம். விளக்கம் சொல்ல ஆள் இருக்க மாட்டார், அதே சூரியன்தான்.

வரிசை வரிசையாக எழுந்து பார்க்க வைக்க ஒவ்வொரு படகுக்கும் ஒரு தலைவர் வேண்டும். ஒருவர் கிடைத்துவிட்டார். மூன்றாவது வரிசையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்திருக்கிறார், நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள். இன்னும் இரண்டு பேர் வேண்டும். குரல் உள்ளவர்கள் முன்வரலாம்.

பெயர் கொடுக்கிறவர்கள் பந்திக்கு வெளியே மேஜை போட்டிருக்கிறார்கள், அங்கே எழுதுங்கள். பேரப்பிள்ளைகளின் வயதையும் எடையையும் மறக்காமல் குறியுங்கள், ஜாக்கெட் அளவுக்கு வேண்டும். பெரியவர்கள் எடையைச் சொல்ல வேண்டாம், பார்த்தாலே தெரிகிறது.